இரவில் மரத்துப்போகும் கை

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



 நான் எடுத்துக்கொண்ட பொருள் கை. அதிலும் கையிலே ஓடும் ஒரு நரம்பு. இது விழாவுக்கேற்ற பொருளா என்று சிலர் ஐயுறலாம். நுவரெலியா, அட்டன், டிக்கோயாப் பகுதிகளிலே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது கொழுந்தெடுக்கும் கையினாலே அன்றோ? அந்தக் கைக்கு வரும் ஒரு கேட்டையும், அதனை நீக்கும் வழியையும் அறிந்துகொள்வதற்கு இதனினும் ஏற்ற சபை வேறில்லை என்று கருதியே துணிந்தேன்.

தோட்டப்புறங்களிலே நடுவயதுத் தாய்மார் பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்றுண்டு. நடுச்சாமத்தில் கை மரத்து விழிப்பு வந்துவிடுகிறது. விரல்களில் எறும்பு ஊர்வதுபோலவும் ஊசி குத்துவதுபோலவும் இருக்கிறது. எழுந்து கையை உதறினால் சற்றுக் குறைகிறது. படுத்தால் திரும்பவும் வருகிறது. நாளடைவில் பகலிலும் அது தலைகாட்டுகிறது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடிவதில்லை. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவி விழுகிறது. 

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. பனிக்குளிர் என்பார் ஒருவர். வாதம் என்பார் மற்றொருவர். இரத்தம் ஓடவில்லை என்பார் வேறொருவர். வயதானால் அப்படித்தான் என்று கதையை முடித்துவிடுவார் இன்னொருவர். தைலம் தேய்ப்பதும், ஒற்றடம் கொடுப்பதும், வலி மாத்திரை விழுங்குவதுமாக வருஷங்கள் கழிகின்றன. உண்மை யாதெனில், இவ்வாறு மரத்துப்போகும் கைகளிற் பெரும்பாலானவற்றுக்கு நோயின் இடம் மணிக்கட்டிலே உள்ள ஒரு சிறு வழிதான். அந்த இடமும் தெரியும், காரணமும் தெரியும், பரிகாரமும் தெரியும். ஆனால் அப்பரிகாரம் முழுப்பலன் தருவதற்கு ஒரு காலவரை உண்டு. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அட்டன் நிலையத்துக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தினூடே புகையிரதத்திற் போகாதவர் இச்சபையில் இருக்கமாட்டார். கீழும் பக்கமும் மேலும் பாறை. வண்டி பெருத்தால் சுரங்கம் விரிந்து கொடுக்காது. நம் மணிக்கட்டிலும் அவ்வாறே ஒரு சுரங்கம் இருக்கிறது. கீழும் பக்கங்களும் சிறு எலும்புகள். மேலே கூரைபோல உறுதியான ஒரு தசைநார்ப் பட்டை. இதனூடே விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரேயொரு நரம்பும் செல்கின்றன. இந்த நரம்பை நடு நரம்பு என்பர். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இதன் பொறுப்பு. பெருவிரலின் அடியில் மேடாகத் திரண்டிருக்கும் தசையின் பெரும்பகுதியை இயக்குவதும் இதுவே. சின்னவிரல் வேறு நரம்புக்கு உரியது. கொழுந்தைக் கிள்ளுவதற்கு வேண்டிய விரல்கள் எவையோ, அவையே இந்த நரம்பின் ஆட்சிக்கு உட்பட்டவை என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

நாண்களைச் சூழ்ந்த மெல்லிய உறை தடித்தாலும், உடலில் நீர் கோத்தாலும், முறிந்த மணிக்கட்டு எலும்பு கோணலாகப் பொருந்தினாலும் சுரங்கத்தில் இடம் குறைகிறது. நாண் உறுதியானது; நரம்பு மென்மையானது. ஆகவே நெரிசலில் நசுங்குவது நரம்பே. அமெரிக்காவிலே கெல்பர்மன் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் 1981ஆம் ஆண்டு இந்தச் சுரங்கத்தினுள்ளே நுண்குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்து வெளியிட்டனர். மணிக்கட்டு நேராக இருக்கும்போது சுகதேகிகளிடம் சராசரி 2.5 மில்லிமீற்றராக இருந்த அழுத்தம், நோயாளரிடம் 32 மில்லிமீற்றராக இருந்தது. நோயாளர் மணிக்கட்டை முன்னே மடக்கியபோது அது 94 ஆகவும், பின்னே வளைத்தபோது 110 ஆகவும் ஏறியது. இரவிலே கை ஏன் மரத்துப்போகிறது என்பதற்கு இந்த எண்களே விடை கூறுகின்றன. உறக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கி, தலைக்கோ கன்னத்துக்கோ அணையாக வைத்துவிடுகிறோம், நெரிசல் மும்மடங்காகிறது. கையை உதறியதும் குறைவது, மணிக்கட்டு நேராவதனாலேதான்.

நரம்பு ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் நெரிசலால் அதற்குச் செல்லும் நுண்ணிய இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. இந்த நிலையில் நெரிசல் நீங்கினால் நரம்பு விரைவில் தெளிந்துவிடும். அடுத்து, மின்கம்பிக்கு மேலுறை போல நரம்பிழைக்கு உள்ள கொழுப்புறை சிதைகிறது. செய்தி மெதுவாகச் செல்கிறது. இதுவும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சீராகக் கூடியது. கடைசியில் இழையே அறுந்துபோகிறது. அறுந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதமே திரும்ப வளரும். நெடுங்காலம் வாடிக்கிடந்த தசையை அது எட்டிப் பிடித்தாலும் பழைய வலு முற்றாக வாராது. இந்தக் கடைசி நிலையில் வலியும் ஊசிக் குத்தும் குறைந்துவிடுவதுண்டு. நோய் விட்டுவிட்டது என்று நோயாளி மகிழ்வார். உண்மையிலோ நரம்பு முறையிடுவதை நிறுத்திவிட்டது. வலி ஓய்ந்து, உணர்ச்சியும் ஓய்ந்து, பெருவிரலடி மேடு குழிந்து தட்டையாகும் கையே எல்லாவற்றிலும் அவசரமான கை.

இந்த உண்மையை வைத்திய உலகம் எளிதிற் கண்டுகொள்ளவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்தபின் இந்த நரம்பு நசுங்குவதை ஆங்கில சத்திர வைத்தியர் ஜேம்ஸ் பஜெற் 1854இல் விவரித்தார். 1913ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து வைத்தியர்களான பியர் மரி, ஷார்ல் ஃபுவா என்னும் இருவர், இரு கைகளிலும் பெருவிரல் மேடு தேய்ந்திருந்த ஒரு முதியவரின் உடலை இறந்தபின் ஆராய்ந்தனர். மணிக்கட்டுப் பட்டைக்குச் சற்று மேலே நரம்பு வீங்கியும், பட்டைக்குக் கீழே மெலிந்தும் இருந்தது. காலத்தோடு அந்தப் பட்டையை அறுத்துவிட்டிருந்தால் இக்கேடு நின்றிருக்கக்கூடும் என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். பலகாலம் அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1933இல் ஜேம்ஸ் லியர்மன்த் என்பவர் அவ்வாறு பட்டையை அறுத்த சத்திர சிகிச்சையை எழுதி வெளியிட்டார். ஆயினும் அக்காலத்து வைத்தியர் பலர், கை விறைப்புக்குக் காரணம் கழுத்தில் உள்ள எலும்பே என்று எண்ணி, கழுத்தில் கத்தி வைத்து வந்தனர். 1947இல் லண்டனில் ரசல் பிரெயினும் அவர்தம் தோழர் இருவரும், மணிக்கட்டுப் பட்டையை அறுத்துச் சிகிச்சை செய்த ஆறு நோயாளரின் வரலாற்றை வெளியிட்ட பின்னரே கழுத்திலிருந்த பார்வை மணிக்கட்டுக்கு இறங்கியது. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபேலன் தம் 17 வருஷ அனுபவத்தை, 654 கைகளின் வரலாறாக, 1966இல் வெளியிட்டார். இது அரிய நோயன்று, மிகச் சாதாரணமான நோய் என்பது அதன்பின் வெளிப்படையாயிற்று. சுவீடன் நாட்டில் பொதுமக்களிடையே அட்ரோஷி என்பவரும் அவர் குழுவினரும் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று, வைத்தியப் பரிசோதனையாலும் மின் பரிசோதனையாலும் உறுதிப்பட்ட இந்நோய் நூற்றுக்கு 2.7 பேருக்கு உண்டு என்று காட்டியது. அப்படியானால் நாற்பது பேர் நிற்கும் எந்த வரிசையிலும் சராசரி ஒருவருக்கு இது இருக்கலாம்.

இனி, இந்நோயை அறிவது எங்ஙனம்? பெரிய இயந்திரம் வேண்டுமென்பதில்லை. முதலாவது பரிசோதனை கேள்விதான். எந்த விரல்கள்? எந்த வேளை? உதறினால் குறைகிறதா? சின்னவிரலை விட்டு மற்ற விரல்கள் மரத்து, இரவில் மிகுந்து, உதறினால் குறைந்தால் மணிக்கட்டையே முதலில் ஐயுறவேண்டும். இரண்டாவது, ஃபேலன் வகுத்த சோதனை. நாம் கைகூப்பும்போது உள்ளங்கைகள் சேர்ந்து விரல்கள் மேல்நோக்கி நிற்கின்றன. அதற்கு நேர்மாறாக, புறங்கைகளைச் சேர்த்து விரல்கள் கீழ்நோக்க ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும். அந்த நிமிஷத்துக்குள் விரல்கள் மரத்தால் அது ஒரு குறி. மூன்றாவது, மணிக்கட்டின் உட்புறத்தை விரலால் தட்டும்போது விரல் நுனிவரை மின்சாரம் பாய்வதுபோலத் தோன்றுவது. முதல் உலக யுத்த காலத்தில், 1915இல், பிரெஞ்சு வைத்தியர் தினெல் இக்குறியை எழுதினார். நான்காவது, சுரங்கத்தின்மேல் வைத்தியர் தம் பெருவிரலால் அரை நிமிஷம் அழுத்திப் பார்ப்பது. இதை டர்கன் என்பவர் 1991இல் வெளியிட்டார். இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிக்க வல்லதன்று. சுகதேகிக்கும் சிலவேளை குறி தோன்றும். நோயாளிக்குச் சிலவேளை தோன்றாது. கேள்வியும் குறிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே உறுதி பிறக்கிறது.

ஐயம் நீங்காதபோதும், சத்திர சிகிச்சை யோசிக்கப்படும்போதும், நரம்பின் வேகத்தை மின்சாரத்தால் அளப்பர். மணிக்கட்டிலே செய்தி தாமதப்படுவதை இவ்வாறு அளந்து காட்டலாம் என்பதைச் சிம்ப்சன் என்னும் வைத்தியர் 1956இல் நிறுவினார். சிறு அதிர்ச்சி தவிர இதில் துன்பமில்லை. நரம்பு வீங்கியிருப்பதை, கர்ப்பிணிகளுக்குச் செய்வதுபோன்ற ஸ்கான் கருவியாலும் இக்காலத்திற் பார்க்கிறார்கள்.

இங்கே நம் மலையகத்துக்குச் சிறப்பாக வேண்டிய ஒரு குறிப்பைச் சொல்ல விரும்புகிறேன். நம் தாய்மார் வைத்தியசாலைக்குச் சென்றால், அங்குள்ள வைத்தியருக்குத் தமிழ் தெரிவதில்லை என்பது பலமுறை நேர்வது. “மரத்துப்போகுது” என்னும் சொல்லுக்கு நேரான சொல் கிடைக்காமல், உடன் சென்றவர் “கை நோகிறதாம்” என்று சொல்லிவிடுகிறார். நோவு வேறு, மரப்பு வேறு. நோவு என்ற உடனே வலி மாத்திரை எழுதப்படுகிறது. நரம்பின் கதை அங்கேயே மறைந்துவிடுகிறது. இதற்கு ஆராய்ச்சியாளர் ஓர் எளிய உபாயம் கண்டிருக்கின்றனர். கையின் படமொன்றை வரைந்து, மரக்கும் இடங்களை நோயாளியையே நிழலிடச் செய்து, அப்படத்தைக் கொண்டு நோயை மதிப்பிடும் முறையைக் காட்ஸ் என்பவரும் அவர் தோழரும் 1990இல் வெளியிட்டார்கள். ஒரு காகிதத்தில் கையை வைத்து வெளிக்கோடு வரைந்து, மரக்கும் விரல்களைப் பென்சிலால் கறுப்பாக்கி, பக்கத்திலே “இரவு” என்பதை வைத்தியருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். ஆரம்ப நிலையில் முதற் சிகிச்சை மிக எளிது: இரவிலே மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டி கட்டிக்கொண்டு உறங்குவது. குறைந்தது ஆறு வாரம் விடாமற் கட்டவேண்டும், இறுகக் கட்டலாகாது, விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இதற்குச் செலவும் அற்பம், கேடும் இல்லை. 

இரண்டாவது, சுரங்கத்தருகே போடும் ஸ்டெரொயிட் ஊசி. நெதர்லாந்தில் டாமெர்ஸ் என்பவர் குழுவினர் 60 நோயாளரைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிட்ட சோதனையிலே, பாதிப் பேருக்கு இந்த மருந்தும், மற்றைப் பாதிக்கு மரக்கச்செய்யும் மருந்து மாத்திரமும் போடப்பட்டன. எவருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஒரு மாதத்தின் பின் ஸ்டெரொயிட் பெற்றவரில் நூற்றுக்கு 77 பேரும், மற்றவரில் நூற்றுக்கு 20 பேரும் நலமடைந்திருந்தனர். ஆனால் ஒரு வருஷத்தின் பின் ஸ்டெரொயிட் பெற்றவரிலும் பாதிப் பேருக்கே நலம் நிலைத்தது. ஆகவே ஊசி நல்லது. எனினும் அது பலருக்குக் கொடுப்பது தவணையே. நரம்புக்கு நல்லதென்று வாங்கி விழுங்கும் வைற்றமின் மாத்திரைகளோ இந்நோயில் அவ்வாறான பலனை ஆய்வுகளிற் காட்டவில்லை.

மூன்றாவது சத்திர சிகிச்சை. இதைக் கேட்டதும் நம்மவர் அஞ்சுவர். செய்வது யாதெனில், கையை மாத்திரம் மரக்கச்செய்து, உள்ளங்கையின் அடியில் சிறிது கீறி, சுரங்கத்தின் கூரையாகிய பட்டையை அறுத்துவிடுவது. நரம்பைத் தொடுவதில்லை, அதற்கு இடம் விடுகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நெதர்லாந்தில் கெரிட்சன் குழுவினர் 176 பேரைக் கொண்டு பட்டியையும் சத்திர சிகிச்சையையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டனர். பதினெட்டு மாதங்களின் பின் சத்திர சிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 90 பேரும், பட்டிப் பிரிவில் நூற்றுக்கு 75 பேரும் நலமடைந்திருந்தனர். பட்டிப் பிரிவிலும் சிலர் இடையிலே சத்திர சிகிச்சைக்குச் சென்றவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். தையல் பிரித்த பின்னும் சில வாரங்கள் பிடி பலவீனமாக இருக்கும். அதுவரை கூடை சுமக்கலாகாது. இதனை முன்கூட்டியே அறிந்து குடும்பம் ஆயத்தமாக வேண்டும்.

மரக்கும் கை எல்லாம் மணிக்கட்டு நோயன்று. சின்னவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்தால், முழங்கையின் பின்புறம் ஓடும் வேறொரு நரம்பு நசுங்குகிறது. முழங்கை எதிலாவது இடிபட்டால் சுரீர் என்று விரல்வரை ஓடுகிறதே, அதே நரம்புதான். முழங்கையை மடக்கி உறங்குவதும், அதனை ஊன்றி அமர்வதும் அதற்குப் பகை. இரவில் ஒரு துவாலையைச் சுற்றி முழங்கையை நீட்டிவைப்பது முதற் சிகிச்சை. கழுத்திலே நரம்பு நசுங்கினாலும் கை மரக்கும். கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி மலையேறுவோர் கழுத்து நோவும் சேர்ந்திருந்தால் அதனையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். திடீரென்று ஒரு பக்கத்துக் கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது மூளையின் இரத்தக்குழாய் நோய். அப்போது காகிதமும் படமும் வேண்டாம், அந்தக் கணமே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

மறக்கலாகாத இன்னொன்று தொழுநோய். இதைச் சொல்லும்போது தமிழ்நாட்டிலே நடந்த ஒரு பேராராய்ச்சியை நினைவுகூர வேண்டும். கொல்லிமலையிலே 1914இல் பிறந்த போல் பிராண்ட் என்னும் ஆங்கில வைத்தியர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கற்பட்டில் தொழுநோய் வைத்தியர் றொபேட் கொக்ரேனின் நோயாளரைப் பார்த்தபோது, மடங்கி விறைத்த அவர்களுடைய கைகளை ஆராயத் தலைப்பட்டார். தசை அழுகி விரல் உதிர்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. பிராண்ட் கண்டதோ வேறு. கெட்டது தசையன்று, நரம்பு. அதுவும் எங்கும் ஒருசீராகக் கெடவில்லை. முழங்கைக்குச் சற்று மேலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலும், நரம்பு தோலுக்கு அண்மையாக ஓடும் இடங்களிலே வீங்கிக் கெட்டிருந்தது. உணர்ச்சியற்ற விரல் சுடுவதையும் வெட்டுவதையும் அறியாமையாலே புண்பட்டுத் தேய்ந்தது. நல்ல தசையின் நாணை மாற்றிக் கட்டி, மடங்கிய விரல்களை இயக்கும் சத்திர சிகிச்சையை அவர் 1948இல் வேலூரிலே தொடங்கினார். ஒதுக்கிவைக்கப்பட்ட மனிதர் மீண்டும் தொழில் செய்யலாயினர். கெட்டபின் சீராக்குவதினும் கெடாமற் காப்பதே மேல் என்பதற்கு அந்தக் கைகளே சாட்சி. 

உலக சுகாதார நிறுவனம் 1981இல் விதித்த கூட்டு மருந்தினால் இன்று தொழுநோய் முற்றாகக் குணமாகிறது. ஆயினும் இலங்கையிலே புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்பட்டே வருகின்றனர். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, கையும் மரத்தால், வெட்கத்தால் மறைக்கலாகாது. நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மீட்சிக்கு நல்ல வாய்ப்புண்டு.

இனி உங்கள் மனத்திலே எழக்கூடிய கேள்வி ஒன்று: கொழுந்தெடுப்பதனாலேதான் மணிக்கட்டு நோய் வருகிறதா? இதற்குச் சட்டென்று ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. ஃபேலன் தொழிலை முதற் காரணமாகக் கொள்ளவில்லை. நடுவயதுப் பெண்களுக்கே இது அதிகம் என்பதை அவர் கண்டார். சலரோகம், தைரொயிட் சுரப்பிக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன், கர்ப்ப காலம் ஆகியவற்றோடு இந்நோய்க்கு உறவு உண்டு. கர்ப்பிணிகளுக்கு வருவது பிரசவத்தின் பின் பெரும்பாலும் தணிந்துவிடும். பிற்கால ஆய்வுகளோ, பலத்தோடு பற்றித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும், மணிக்கட்டை வளைத்தே வைத்திருக்கும் வேலையும், அதிரும் கருவியைப் பிடிக்கும் வேலையும் இந்நோயை வருவிக்கக் கூடியவை என்று காட்டின. சர்வதேசத் தொழில் நிறுவனம் 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், இத்தகைய வேலையால் வரும் மணிக்கட்டுச் சுரங்க நோயும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளது.

நம் மலைகளிலே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டிலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்து ஒன்று ஒரு கிராம் என்றே வைப்போம். பலவேளை அதனினும் குறைவு. மடுவத்திலே 18 கிலோ நிறுத்தவேண்டுமானால் 18,000 கொழுந்து. ஒரு பிடியில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலும், ஒவ்வொரு கையும் ஆயிரக்கணக்கான தடவை கிள்ளியாக வேண்டும். கவ்வாத்துக் கத்தி வீசும் ஆண்களுக்குப் பலத்த பிடி. கவ்வாத்து இயந்திரம் பிடிப்பவருக்கோ அதிர்வு. ஆகவே தொழிலை முற்றாக விடுவித்தலும் நேர்மையன்று. சலரோகத்தையும் தைரொயிட்டையும் பாராமல் எல்லாப் பழியையும் தொழிலின்மேற் போடுதலும் நோயாளிக்கு நன்மையன்று. இரண்டையும் பார்க்கவேண்டும்.

வாலிப அன்பர்களே! இங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பதே நம் தாய்மாரைத் தடுத்து நிறுத்துவது. நாளைக்கு, அடுத்த மாதம், தீபாவளி கழியட்டும் என்று அவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். பெருவிரல் மேடு குழிந்தபின் போனால், ஒரு நாட் பேரன்று, கொழுந்தெடுக்கும் கையே போய்விடக்கூடும். வீட்டிலே அம்மாவிடம், பெரியம்மாவிடம், அக்காவிடம் இன்றிரவே கேளுங்கள்: “ராத்திரியில கை மரக்குதா? எந்த விரல்?” என்று. மரக்கிறது என்றால் கைப்படத்தை வரையுங்கள். தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். நுவரெலியாவுக்கோ, இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட புதிய கட்டிடமுள்ள டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசம். நீங்கள் கற்ற சிங்களமும் ஆங்கிலமும் அங்கே பயன்படட்டும். வயதான தாயை வாயில்வரை கொண்டுபோய் விடுவதோடு நில்லாமல், வைத்தியர் அறைக்குள்ளும் உடன் செல்லுங்கள்.

இன்னுமொன்று. மலையிலிருந்து அந்தியில் இறங்கிய கைகளுக்கு வீட்டிலே ஓய்வில்லை. தேங்காய் துருவுவதும், துணி பிழிவதும், விறகு பிளப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் மணிக்கட்டை முறுக்கும் வேலைகளே. பட்டி கட்டும் ஆறு வாரமும், சத்திர சிகிச்சைக்குப் பின்வரும் வாரங்களும் இவ்வேலைகளை ஆண்மக்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால், உலகத்து ஆராய்ச்சி அனைத்தும் கூடியும் அந்தக் கையைக் காக்க முடியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியோர்களே, நீங்கள் இதை வீட்டில் ஒருமுறை வாய்திறந்து சொன்னால் இளைஞர் தயங்காது செய்வர்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டிலே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கி, வைத்தியர் ஒருவரை அழைத்து, மரக்கும் கைகளையெல்லாம் ஒருமுறை பார்க்கச் செய்யுங்கள். ஒரு மேசையும், சில பென்சில்களும், ஒரு கட்டுக் காகிதமும் போதும். அந்த நாளில் இரண்டு கைகள் காலத்தோடு கண்டறியப்பட்டாலும் சங்கத்தின் அவ்வாண்டுப் பணி வீண்போகாது.